ஸ்போர்ட் டயரைச் சாலையில் நீண்ட நாள் ஓட்டிச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு முறை, மோட்டார் சைக்கிள் நன்றாகக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், பின் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் காடிக்குள், அதாவது ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள், அளவுமானியைச் செருகிப் பார்ப்பது என் பழக்கம். பார்ப்பவர்கள் முதலில் பஞ்சரா என்று கேட்பார்கள். இல்லை என்றதும் மற்றக் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். ஒரே வண்டியில் இதுவரை ஐந்து ஜோடி டயர்களைத் தேயும்வரை ஓட்டி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஐந்து ஜோடிக் காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்போர்ட் டயர் என்றால் எது? ரேஸ் டயரும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. பந்தயப் பாதையில் ஓடும் ஸ்லிக் டயரில் காடியே இருக்காது. ஓடத் தொடங்கும் முன்பே மின்சாரப் போர்வை சுற்றி 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி வைப்பார்கள். அந்தச் சூட்டில்தான் அதன் ரப்பர் வேலை செய்யும். சாலைக்கான ஸ்போர்ட் டயர் காலையில் வண்டியை எடுத்த முதல் வளைவிலேயே ஓரளவு பிடித்தாக வேண்டும், மழையில் நீரை வெளியேற்ற வேண்டும், சில ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கவும் வேண்டும்.

பைரெல்லி டையாப்லோ ரோஸ்ஸோ 4, மிஷலின் பவர் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் எஸ்22, மெட்ஸெலர் ஸ்போர்டெக் எம்9 ஆர்ஆர், கான்டினென்டல் ஸ்போர்ட்அட்டாக் 4 ஆகியவை இந்த ரகம். மிஷலின் ரோடு 6, பைரெல்லி ஏஞ்சல் ஜிடி 2 போன்றவை ஸ்போர்ட் டூரிங் ரகம்: ஆயுள் கூடுதல், மழையில் தைரியம் கூடுதல், வறண்ட சாலையில் முழுச் சாய்வில் கிடைக்கும் பிடிமானம் சற்றுக் குறைவு. நேர்மையாகச் சொன்னால், நம்மில் பாதிப் பேருக்கு இரண்டாவது ரகமே போதும்.

டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பது ஒன்றுமே புரியவில்லை. எதைக் குறித்துக்கொள்வது?

180/55 இசட்ஆர் 17 என்று இருந்தால், அகலம் 180 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரேடியல் கட்டுமானம் (உள்ளிழைகள் டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடுவது), ரிம் 17 அங்குலம். இசட் என்பது 240 கி.மீ. வேகத்துக்கு மேல் தாங்கும் வகை. அடுத்து வரும் 73டபிள்யூ என்பதில் 73 சுமைக் குறியீடு; 365 கிலோ வரை தாங்கும் என்று பொருள். டபிள்யூ 270 கி.மீ. வேகம். அது அடைப்புக்குறிக்குள் இருந்தால் அதற்கும் மேல். முன் டயர்களில் வழக்கமாகக் காணும் 58 என்பது 236 கிலோ.

நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதுவது இன்னொன்றையும்: நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்க்கப்பட்ட டயர். இதை டயர் மாட்டும்போதே பார்த்துவிடுங்கள். சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மாட்டிய பிறகு செயின் பக்கம் போய்விட்டால் தரையில் படுத்துத்தான் படிக்க வேண்டும்.

பத்திரிகைக்காரர்கள் சோதித்து எழுதுகிறார்களே, நாமும் எதற்கு மெனக்கெட வேண்டும்?

அவர்கள் செய்வது நமக்கு முடியாது. ஒரே நாளில், ஒரே வண்டியில், ஒரே பாதையில் ஆறு ஜோடி டயர்களை மாற்றி மாற்றி ஓட்டி நேரம் எடுக்கிறார்கள். புது நிலையில் எந்த டயர் எப்படி என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் டயரை வாங்குபவர் அதனுடன் ஒரு வருடம் வாழப்போகிறார். 4,000-ஆவது கிலோமீட்டரில் அது எப்படித் திரும்பும், பாதி தேய்ந்த பிறகு மழையில் எப்படி இருக்கும் என்பதை ஒரு நாள் சோதனை சொல்லாது. உங்கள் எடை, உங்கள் வண்டி, நீங்கள் தினமும் போகும் சாலையில் கலந்திருக்கும் கல்லின் கூர்மை எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

புது டயர் போட்டதும் வண்டி அப்படித் திரும்புகிறது! அப்படியானால் நல்ல டயர்தானே?

நல்ல டயராகவும் இருக்கலாம். ஆனால் அந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு நேற்றுவரை ஓட்டிய பழைய டயர் கொடுத்தது. நடுவில் தட்டையாகி, ரப்பர் இறுகி, திருப்பினால் முரண்டு பிடித்த டயரைக் கழற்றிவிட்டு உருண்டையான புது டயரில் ஏறினால் எதுவும் தங்கமாகத்தான் தெரியும்.

இதை நானே சூடுபட்டுத்தான் கற்றேன். இரண்டாம் ஜோடிக்கும் மூன்றாம் ஜோடிக்கும் முதல் நாள் எழுதிய பக்கங்களைப் பிற்பாடு அருகருகே வைத்துப் படித்தேன். இரண்டிலும் "நினைத்தாலே திரும்புகிறது" என்று ஒரே வாக்கியம். இரண்டும் வேறு வேறு நிறுவனம், வேறு வேறு ரகம். இரண்டாம் ஜோடி 3,000 கி.மீ. தாண்டியதும் வளைவில் கனக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாம் ஜோடி 6,000 வரை ஏறக்குறைய முதல் நாள் போலவே இருந்தது. அந்த வித்தியாசத்தின் சாயல்கூட முதல் நாள் பக்கங்களில் இல்லை.

அதிலிருந்து இரண்டு விதி வைத்திருக்கிறேன். பழைய டயரைக் கழற்றும் முன் வழக்கமான சாலையில் ஒரு முறை ஓட்டி, அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிவிடுவேன். புது டயரைப் பற்றி 500 கி.மீ. ஆகும்வரை தீர்ப்பு எதுவும் எழுதமாட்டேன். ஒரு டயரை அதன் சொந்த இளமையோடு ஒப்பிடுவதுதான் நீண்ட காலச் சோதனை. பாதி ஆயுளில் எழுதும் பக்கம்தான் எனக்கு முக்கியம்.

முதல் 100 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டு என்கிறார்கள். பழைய காலத்துக் கதையா?

முழுக்கக் கதை இல்லை. வார்ப்பிலிருந்து வந்த டயரின் மேற்பரப்பு மழமழவென்று இருக்கும். சாலையில் உரசி அந்தப் பளபளப்பு போன பிறகே ரப்பர் கல்லைக் கவ்வும். டயரின் உள்ளிருக்கும் அடுக்குகளும் ரிம்மில் உட்காரும் விளிம்பும் சூடாகிக் குளிர்ந்து ஒன்றோடொன்று பொருந்தவும் கொஞ்சம் ஓட்டம் தேவை. 150 கி.மீ. வரை திடீர் பிரேக், திடீர் ஆக்சிலரேட்டர், திடீர்ச் சாய்வு மூன்றையும் தவிர்த்து, சாய்வைப் படிப்படியாகக் கூட்டுங்கள். நேர்ச்சாலையிலேயே 150 கி.மீ. ஓட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் பழகியிருக்கும். ஓரம் அன்று வந்த புதுசுதான்.

காற்று எத்தனை வைக்க வேண்டும்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணிலிருந்து தொடங்குங்கள். 17 அங்குல ரேடியல் டயர் போட்ட பல ஸ்போர்ட் வண்டிகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ. என்றிருக்கும். பந்தயப் பாதையில் ஓட்டுபவர்கள் பின் டயரில் 30-க்கும் கீழே இறக்குவதைப் பார்த்துவிட்டு அதைச் சாலையில் செய்யாதீர்கள். அங்கே டயர் தொடர்ந்து மிகச் சூடாக இருக்கும். சாலையில் குறைந்த காற்றோடு ஓடினால் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், திருப்பம் மந்தமாகும், ஓரங்கள் வீணாகத் தேயும்.

சோதனை என்று வந்துவிட்டால் எந்த எண் என்பதைவிட எப்போதும் அதே எண்ணா என்பது பெரிய விஷயம். குளிர்ந்த டயரில், அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் வெயில் படாமல் நின்ற பிறகு அளக்க வேண்டும். காற்று 10 டிகிரி சூடானால் பின் டயரில் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. கூடும். ஆகவே பருவம் மாறும்போது யாரும் தொடாமலேயே அழுத்தம் மாறிவிடும். மானியையும் மாற்றாதீர்கள். இரண்டு மானிகள் ஒரே டயரில் இரண்டு எண் காட்டுவது சாதாரணம். என் மானி உண்மையைவிட 1 அதிகமாகக் காட்டுகிறதோ என்னவோ, ஐந்து ஜோடிக்கும் அதே 1 என்பதால் என் ஒப்பீடு கெடவில்லை.

ஓட்டி நிறுத்தியதும் பார்த்தால் 46 காட்டுகிறது. கொஞ்சம் இறக்கிவிடலாமா?

கூடாது. உள்ளே காற்று 20 டிகிரி சூடானால் 42 என்பது 46 ஆகத்தான் செய்யும். இப்போது இறக்கினால் நாளைக் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். ஆனால் அந்த 46-ஐ எழுதி வைத்துக்கொள்ளலாம். சூட்டில் ஏறும் அழுத்தம் குளிர்ந்த அளவில் 10 சதவீதத்தை வெகுவாகத் தாண்டுகிறது என்றால், தொடக்கத்திலேயே காற்று குறைவு அல்லது சுமை அதிகம் என்று பொருள் கொள்ளலாம்.

தேய்மானத்தை அளக்கக் கருவி வேண்டுமா? கண்ணால் பார்த்தால் தெரியாதா?

மொட்டையாகிவிட்டதா என்று கண்ணால் சொல்லலாம். 1,000 கிலோமீட்டரில் அரை மில்லிமீட்டர் போயிருப்பது கண்ணுக்குத் தெரியாது. நடுவில் மெல்லிய ஊசி இறங்கும் சிறிய ஆழமானி ஒன்று போதும்.

நான் செய்வது இது. டயர் புதிதாக இருக்கும்போதே வால்வுக்கு நேராகப் பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு, அங்கிருந்து சுற்றில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இன்னொன்று, மீண்டும் இன்னொன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே நடுக்காடி, இடது தோள், வலது தோள் (நடுவுக்கும் பக்கச்சுவருக்கும் இடைப்பட்ட சரிவான பகுதி) என மூன்று இடம். மொத்தம் ஒன்பது அளவு. சாக்பீஸ் மழையில் போய்விடும் என்பதால் எந்தக் காடி என்பதை நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். காடியின் அடியில் ஆங்காங்கே குறுக்கே ஒரு சிறு மேடு இருக்கும். அது தேய்மான எல்லையைக் காட்டுவது. ஊசி அதன் மேல் உட்கார்ந்தால் அளவு தவறிவிடும். காடியில் சிக்கிய சிறுகல்லையும் எடுத்துவிட்டுத்தான் ஊசியை இறக்க வேண்டும். ஒருமுறை டயர் முந்தைய மாதத்தைவிட 0.3 மி.மீ. குறைவாகத் தேய்ந்திருப்பதாகக் கண்டு பூரித்துப்போனேன். மறுபடி அளந்தபோதுதான் மானியின் அடித்தட்டைச் சாய்வாக வைத்திருந்தது தெரிந்தது.

சரி, அளந்துவிட்டேன். இன்னும் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கணக்கிடலாமா?

தாராளமாக. பின் டயரின் நடுக்காடி முதல் நாள் 5.8 மி.மீ., 2,000 கிலோமீட்டரில் 4.6 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 0.6 போகிறது. 1.6-இல் மாற்றுவதாக இருந்தால் மீதி 3 மி.மீ., அதாவது இன்னும் 5,000 கி.மீ. மொத்தம் 7,000.

ஆனால் இதை ஒரு தடவை போட்டுவிட்டு நம்பிவிடாதீர்கள். தேய்மானம் நேர்க்கோட்டில் போவதில்லை. நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் ஒன்று, பின்னால் ஆளும் மூட்டையும் ஏறிய ஒரு மாதம், கடும் கோடை எல்லாம் கோட்டை வளைக்கும். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டால், எந்த மாதத்தில் ஏன் கூடியது என்பதும் சேர்ந்து தெரியும். எல்லையும் நாட்டுக்கு நாடு மாறும்: பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கு 1 மி.மீ., ஜெர்மனியில் 1.6 மி.மீ. சட்டம் எதுவானாலும், மழைக்காலம் வருவதற்குள் 2 மி.மீ.-க்குக் கீழே போகும் என்று கணக்கு சொன்னால் நான் முன்கூட்டியே மாற்றிவிடுவேன்.

பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகிவிட்டதே, மட்டமான டயரா?

டயரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். நிமிர்ந்து ஓடும் நேரம் அதிகம் என்றால், வண்டியின் எடையும் எஞ்சினின் இழுவையும் நடுவிலேயே விழும். அதனால்தான் பல ஸ்போர்ட் டயர்களில் நடுவில் கடினமான ரப்பரும் தோள்களில் மிருதுவான ரப்பரும் வைக்கிறார்கள். அப்படியும் நெடுஞ்சாலையே கதி என்று ஓட்டினால் தட்டையாகத்தான் செய்யும்.

இதன் விளைவு வளைவில் தெரியும். தட்டையான நடுப்பகுதிக்கும் தேயாத தோளுக்கும் இடையே ஒரு விளிம்பு உருவாகிறது. சாய்க்கும்போது வண்டி முதலில் மறுக்கும். அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். இந்த மறுப்பு எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்கியது என்பது என் நோட்டில் கட்டாயம் இடம்பெறும் வரி. ஒரு நல்ல டயர் 2 மி.மீ. போன பிறகும் உருண்டையான வடிவத்தை ஓரளவு காத்துக்கொள்ளும்.

முன் டயரைத் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் அரம் போலச் சுரண்டுகிறது. ஏன்?

நல்ல பழக்கம், கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லிவிடும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் உருளும் திசையில் ஒரு முறையும் எதிர்த்திசையில் ஒரு முறையும் உள்ளங்கையை மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனின், அதாவது காடிகளுக்கு நடுவே நிற்கும் ரப்பர்க் கட்டியின், ஒரு விளிம்பு மழுங்கியும் மறு விளிம்பு கூராகவும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு பட்டனும் பின்பக்கம் வளைந்து, சாலையை விட்டு எழும்போது வழுக்கிச் சுரண்டிக்கொள்கிறது. முன் டயரின் வேலையே பிரேக்கும் திருப்பமும்தான் என்பதால் இது ஓரளவு எல்லா முன் டயரிலும் வரும்.

மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஆழமாகி, மெதுவாகச் சாய்க்கும்போது ஹேண்டில்பாரில் ஒரு முணுமுணுப்பு கேட்டால் மற்றவற்றைப் பாருங்கள்: காற்று குறைவாக ஓடியதா, முன் ஃபோர்க்கின் எண்ணெய் பழையதாகி எழும்பி அடிக்கிறதா, சக்கரத்தின் பேலன்ஸ் சரியா, ஸ்டீயரிங் பேரிங்கில் ஆட்டம் உண்டா? என் நான்காம் ஜோடி முன் டயர் இப்படித்தான் கெட்டது. டயரைத் திட்டிக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் பார்த்தால் ஃபோர்க் எண்ணெய் தண்ணீர் போல இருந்தது. அந்த டயரைப் பற்றி எழுதிய பக்கங்களின் மேல் "செல்லாது" என்று எழுதிவிட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்கிறது. வண்டி கோணலா?

பெரும்பாலும் சாலைதான் கோணல். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் நிமிர்ந்து ஓடும் டயர் நடுவுக்குச் சற்று வலப்பக்கமாகத் தரையைத் தொடும். சந்திப்புகளில் வலப்பக்கத் திருப்பம் அகலமானது, நீளமானது. எனவே வலப்பக்கம் கூடுதலாகத் தேயும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது அப்படியே தலைகீழ். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் போனால் சக்கரங்களின் நேர்வரிசையைப் பாருங்கள்.

ஓரத்தில் ஓர் அங்குலம் தேயாமலே இருக்கிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

செய்துவிட்டுப் போகட்டும். சாலையில் ஓரம்வரை தேய்த்துக் காட்டுவது சோதனையில் சேராது. அந்தப் பட்டை உங்களுக்காக வைத்திருக்கும் சேமிப்பு. வளைவுக்குள் திடீரென்று மணல் தெரிந்தால் அப்போது தேவைப்படும்.

பிடிமானத்தின் எல்லையைத் தொடாமல் டயரைச் சோதித்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதுதான் என்னிடம் மிகவும் காரமாகக் கேட்கப்படும் கேள்வி. பதில்: எல்லையைச் சோதிப்பதாக நான் சொல்லவே இல்லை. எதிரே லாரி வரும் சாலையில் அதைத் தேடுபவர் ஒரு முறைதான் கண்டுபிடிப்பார். நல்ல வறண்ட சாலையில் இன்றைய எந்த ஸ்போர்ட் டயரின் எல்லையும் நம் துணிச்சலுக்கு அப்பால்தான் இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்பதைச் சொல்லப் பந்தயப் பாதை இருக்கிறது.

சாலையில் பார்ப்பது டயரின் குணம். எனக்கு 14 கி.மீ. நீளமுள்ள ஒரு சோதனைத் தடம் உண்டு. அதில் ஒரு நீண்ட இடப்பக்க வளைவு, தார் ஒட்டுப்போட்ட ஒரு மேடு, ஒரு கூர்மையான திருப்பம், நடுவே ஓர் இரும்புப் பட்டை பதித்த பாலம். ஒவ்வொரு 1,000 கி.மீ.-க்கும் ஒரே வேகத்தில், ஒரே கியரில் அதைக் கடக்கிறேன். நீண்ட வளைவில் கோட்டைப் பிடித்து வைக்க ஹேண்டில்பாரை எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது? ஒட்டுமேட்டில் சாய்ந்தபடி போகும்போது அதிர்வை டயர் விழுங்குகிறதா, என்னிடம் தள்ளுகிறதா? திருப்பத்துக்குள் பிரேக்கை விடாமல் போனால் வண்டி நிமிரப் பார்க்கிறதா? இரும்புப் பட்டையில் பின் சக்கரம் எவ்வளவு நழுவியது? வண்டியில் பின் சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தால் அதன் விளக்கு எங்கே மின்னியது என்பதும் ஒரு குறிப்பு. 1,000-இல் மின்னாத இடத்தில் 5,000-இல் மின்னினால் டயர் எதையோ இழந்திருக்கிறது.

மழையில் ஸ்போர்ட் டயர் ஆகவே ஆகாது என்கிறார்களே?

இருபது வருடம் முன்பு ஓட்டியவர் சொல்லியிருப்பார். ரப்பரில் சிலிகா சேர்க்கத் தொடங்கிய பிறகு குளிர்ந்த ஈரச்சாலையிலும் பிடிக்கும் கலவைகள் வந்துவிட்டன. ஆனால் இரண்டு வரம்புகள் உண்டு. பல ஸ்போர்ட் டயர்களின் தோள் ஓரத்தில் காடியே இருக்காது. அங்கே நீரை வெளியேற்ற வழியில்லை, ஆகவே மழையில் அந்தச் சாய்வுக்குப் போகக்கூடாது. மற்றொன்று, காடி ஆழம் குறையக் குறையத் தேங்கிய நீரில் மிதக்கும் வேகமும் குறைந்துகொண்டே வரும். புது டயரில் மழையில் கிடைத்த நம்பிக்கையைப் பாதி தேய்ந்த டயருக்கும் நீட்டிவிடாதீர்கள். மழைக் குறிப்புக்குப் பக்கத்தில் அன்றைய காடி ஆழத்தையும் எழுதுங்கள்.

மழை என்றால் காற்றைக் குறைக்கச் சொல்வார்கள். வேண்டாம். அழுத்தம் குறைந்தால் டயர் இன்னும் எளிதாக நீரில் மிதக்கும்.

குளிர் நேரத்தில் பாம்பு போல வளைத்து ஓட்டினால் டயர் சூடாகுமா?

சூடாகாது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ரப்பரும் உள்ளடுக்குகளும் அழுந்தி விரிவதால்தான் டயர் சூடாகிறது. அதற்கு நேர்ச்சாலையில் பதமாக முடுக்குவதும் பதமாகப் பிரேக் பிடிப்பதும் உதவும். குளிர்ந்த டயரைச் சாய்த்துச் சோதிப்பதில் விழுந்தவர்கள் ஏராளம்.

முன்னால் ஒரு நிறுவனம், பின்னால் ஒரு நிறுவனம் போட்டுச் சோதிக்கலாமா?

ஓட்டலாம், ஆனால் சோதனை என்று சொல்ல முடியாது. வண்டி மெதுவாகத் திரும்பினால் முன் டயரின் வடிவமா, பின் டயரின் வடிவமா என்று பிரிக்கவே முடியாது. முன் டயர் பொதுவாகப் பின் டயரைவிட நீண்ட நாள் வரும். பின்னால் மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அதே ரகத்தையே போடுங்கள், நோட்டில் தனிப் பக்கம் தொடங்குங்கள். ஒன்று ரேடியல், மற்றது பையாஸ் (உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய கட்டுமானம்) என்று கலப்பதை மட்டும், வண்டி நிறுவனமே அப்படிக் கொடுத்திருந்தாலொழிய, செய்யாதீர்கள்.

180 இருக்கும் இடத்தில் 190 போட்டால் பிடிமானம் கூடாதா?

பெயரில் அகலம் கூடும். 5.5 அங்குல ரிம்மில் 190 டயரை ஏற்றினால் பக்கச்சுவர் உள்நோக்கி இழுக்கப்பட்டு வடிவம் மாறிவிடும். உயரத்தையும் பாருங்கள்: 180/55-இன் பக்கச்சுவர் 99 மி.மீ., 190/50-க்கு 95, 190/55-க்கு 104.5. வண்டியின் பின்பகுதி சில மில்லிமீட்டர் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ முன்பக்கக் கோணம் மாறி, திரும்பும் குணமே வேறாகிவிடும். அப்போது நீங்கள் சோதிப்பது வேறொரு வண்டியை.

பஞ்சர் ஒட்டினேன். சோதனையைத் தொடரலாமா?

நடுப்பகுதியில் சிறு துளை, உள்பக்கமிருந்து முறையாக ஒட்டியது என்றால் அன்றாட ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதிவேகத்தைத் தவிர்த்து. பக்கச்சுவரிலோ தோளிலோ என்றால் டயரை மாற்றிவிடுங்கள். ஒட்டிய டயரில் தேய்மான அளவை மட்டும் தொடர்ந்து எழுதுவேன். சாய்வைப் பற்றிய வரிகளை அன்றோடு நிறுத்திவிடுவேன், ஏனென்றால் மனம் அந்த ஒட்டிலேயே இருக்கும்.

கடையில் தயாரித்து மூன்று வருடமான டயரைக் கொடுத்துவிட்டார்கள். "புதுசுதான்" என்கிறார்கள்.

வெயில் படாமல், சரியாக அடுக்கி வைத்திருந்தால் ஓட்டத் தகுந்ததுதான். ஆனால் சோதனைக்கு நான் எடுக்கமாட்டேன். ஓடாமலே ரப்பர் மெல்ல இறுகும். ஊசி குத்தி ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ அளவில் காட்டும் சிறு கருவி உண்டு. ஒரே வெப்பநிலையில் அளந்தால், பழைய டயரும் புதிய டயரும் வேறு எண் காட்டும். மாட்டிய பிறகு ஐந்து வருடமானால் ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்டுங்கள் என்றும், தயாரித்துப் பத்து வருடமானால் பட்டன் இருந்தாலும் மாற்றுங்கள் என்றும் டயர் நிறுவனங்கள் சொல்கின்றன.

பக்கச்சுவரில் பழுப்பு நிறம் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். ஓசோனிலிருந்து ரப்பரைக் காக்கச் சேர்த்த பொருள் மேலே வந்திருக்கிறது. காடியின் அடியில் முடி போன்ற வெடிப்பு இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

பட்டன் இன்னும் இருக்கிறது, ஆனால் ஓட்டவே பிடிக்கவில்லை. மாற்றினால் வீண்செலவா?

மேலே சொன்ன தட்டையான நடுவும், அரம் போன்ற முன் டயரும், இறுகிய ரப்பரும் மானியில் தெரியாது. 2.5 மி.மீ. மீதியிருக்கும்போதே குணம் கெட்ட டயரையும் பார்த்திருக்கிறேன். என் நோட்டில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு முடிவுகள் இருக்கின்றன: எந்தக் கிலோமீட்டரில் கெட்டது, எந்தக் கிலோமீட்டரில் தேய்ந்தது. என் முதல் ஜோடிக்கு முதல் எண் 4,800, இரண்டாம் எண் 7,900. இடைப்பட்ட 3,100 கி.மீ. பற்றி அன்று எழுதியிருப்பது ஒரே வரி: "ஆபத்தில்லை, ஆசையுமில்லை." மாற்றலாமா என்பதை அந்த இடைவெளியில் நீங்கள் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்பது முடிவு செய்யட்டும்.

ஒரே டயர் எனக்கு 5,500 வந்தது, இன்னொருவர் 11,000 என்கிறார். யார் பொய் சொல்வது?

இருவரும் உண்மை சொல்லக்கூடும். அவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். குளிர்ந்த நிலையில் காற்று எத்தனை? பின்னால் ஆள் ஏறுவதுண்டா? எந்த மாதிரிச் சாலை? எத்தனை மில்லிமீட்டரில் கழற்றினார்? நான்காவதுக்குப் பெரும்பாலும் பதில் வராது. நீங்கள் 1.6-இல் கழற்றியிருப்பீர்கள், அவர் உள்ளிருக்கும் கம்பி கண்ணில் படும்வரை ஓட்டியிருப்பார்.

ஓடோமீட்டரும் ஒரு சிறு பங்கு சேர்க்கும். 180/55 டயர் புதிதில் ஏறத்தாழ 630 மி.மீ. விட்டம். 4 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 8 மி.மீ. குறையும், அதாவது 1.3 சதவீதம். பின் சக்கரச் சுழற்சியை எண்ணும் வண்டியில் அந்த அளவுக்கு மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஆனால் 5,500 கி.மீ. வித்தியாசத்தில் அது வெறும் தூசு. மீதிக்கு ஆக்சிலரேட்டரைத் திருகும் அவருடைய வலது மணிக்கட்டைத்தான் பார்க்க வேண்டும்.